கார் பம்பர்ல பெயிண்ட் உதிர்ந்திருக்கா? முதல்ல ஆழம் பாருங்க

பெயிண்ட் வாங்கப் போறதுக்கு முன்னாடி அந்த இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டலை, தண்ணி தெளிச்சா கீறல் மறையுதுன்னா அது கிளியர் கோட்டோட (கலருக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) நின்ன கீறல். ரப்பிங் காம்பவுண்ட் (தேய்ச்சுக் கீறலைப் போக்குற பேஸ்ட்) போதும். நகம் மாட்டி, அடியில சாம்பலோ வெள்ளையோ தெரிஞ்சா பெரும்பாலும் ப்ரைமர் (கலருக்கு அடியில போடுற பூச்சு). மங்கலான கறுப்பு தெரிஞ்சா வெறும் பிளாஸ்டிக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த மூணுக்கும் வேலை வேற வேற. டச்-அப் பாட்டில் ஒண்ணை வாங்கி எல்லாத்துக்கும் தடவுறதாலதான் ஆறு மாசத்துல மறுபடி உரியுது.

பெரும்பாலான பம்பர் பாலிபுரோப்பிலீன் வகை. பெயிண்ட் அதுல லேசுல ஒட்டாது. பிளாஸ்டிக் தெரியுற இடத்துல அட்ஹீஷன் புரமோட்டர் (பெயிண்ட் பிடிக்க உதவுற பூச்சு) அடிக்காம ப்ரைமர் போட்டா, பிரஷர் வாஷ்ல தோல் மாதிரி கழண்டு வரும். புரமோட்டரை மெல்லிசா ஒரு கோட், டப்பாவுல சொன்ன நேரத்துக்குள்ள அடுத்த கோட். நேரம் தாண்டிட்டா பிடிப்பு போயிடும்.

———

கல் தெறிச்ச சின்னப் புள்ளிக்கு ஸ்ப்ரே வேண்டாம். ஷாம்பு போட்டுக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால மெழுகு போகத் துடைங்க. ஓரத்துல தூக்கிட்டு நிக்கிற பெயிண்டைப் பல்குச்சியால எடுத்துடணும், இல்லைன்னா அடியில தண்ணி இறங்கும். டச்-அப் மூடியோட வர்ற பிரஷ் ரொம்பத் தடிமன்; பல்குச்சி நுனியோ 000 நம்பர் பிரஷ்ஷோ நல்லது. பூசாதீங்க, சொட்டு வைங்க. பெயிண்ட் காயக் காயச் சுருங்கும். அதனால ஒரே சொட்டுல குழியை நிரப்பினா நடுவுல பள்ளம் விழும். மெல்லிசா மூணு நாலு தடவை, ஒவ்வொண்ணும் காய்ஞ்ச பிறகு. கடைசியில சுத்தி இருக்கிற பரப்பை விடத் துளி மேலே நிக்கணும். சில நாள் கழிச்சு 2000, அப்புறம் 3000 நம்பர் வாட்டர் பேப்பரைச் (நம்பர் ஏற ஏற நைசா இருக்கும்) சின்ன ரப்பர் கட்டையில சுத்தி, சோப்புத் தண்ணியோட தேய்ங்க. விரலால தேய்ச்சா அழுத்தம் ஒரே இடத்துல விழுந்து பக்கத்துல இருக்கிற நல்ல கிளியரும் போயிடும்.

மெட்டாலிக் கலர்ல கைவேலை கொஞ்சம் அடர்த்தியாத்தான் தெரியும். ஸ்ப்ரேல மினுமினுப்புத் தூள் படுத்து நிக்கும், சொட்டுல தாறுமாறா நிக்கும். கலர் நம்பர் தப்புன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க.

———

உள்ளங்கை அளவு உதிர்ந்திருந்தா ஸ்ப்ரேதான். ஓரத்தை 400, பிறகு 600 பேப்பரால சரிவாக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு விரல் ஓட்டினா படி தட்டக் கூடாது. வெறும் பிளாஸ்டிக்கை 180 மாதிரி முரட்டுப் பேப்பரால தேய்க்காதீங்க, நார் எழும்பி ப்ரைமருக்கு மேலேயும் தெரியும். குழி இருந்தா பிளாஸ்டிக் பம்பருக்கான வளையும் பட்டி மட்டும். சாதாரண பட்டி, பம்பர் லேசா அமுங்கினாலே விரிசல் விடும்.

ப்ரைமர் 2 கோட், காய்ஞ்சதும் 800ல ஈரத்தேய்ப்பு. பேஸ் கோட் (கலர் பூச்சு) 3 மெல்லிய கோட், நடுவுல பத்து நிமிஷம். 20–25 செ.மீ. தூரம், பம்பருக்கு வெளியே பட்டனை அழுத்தி, கடந்து போய் வெளியேதான் விடணும். மாஸ்கிங் டேப் ஓரத்தை அழுத்தி ஒட்டாம மேலே மடிச்சு விடுங்க, கோடு விழாது. கிளியரை மட்டும் நடுவுல நிறுத்தாம, பம்பர்ல இயல்பா மடிப்போ விளிம்போ வர்ற இடம் வரைக்கும் கொண்டு போங்க. அதுக்கு அந்தப் பரப்பையும் முன்கூட்டியே 1000ல மங்கலாக்கி வெச்சிருக்கணும்.

———

கெட்டுப்போறதுக்கு வழக்கமான காரணங்கள். சின்னச் சின்ன வட்டக்குழி விழுந்தா சிலிகான். டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட துணியே போதும், அதுல இருந்து ஒட்டிக்கும். கிளியர் பால் மாதிரி வெளுத்தா ஈரக்காற்று: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். மழை நாள்ல அடிக்காதீங்க. சுருக்கம் விழுந்தா, அடிக்கோட் சரியா காயறதுக்கு முன்னாடி மேலே தடிமனா அடிச்சிருக்கீங்க. காய விட்டுச் சுரண்டிட்டுத் திரும்பப் போடுறதைத் தவிர வழியில்ல. சீக்கிரம் காயட்டும்னு ஹீட் கன் பிடிச்சா பம்பரே நெளியும்.

இன்னொண்ணு: ஹார்டனர் (கெட்டியாக்கும் திரவம்) கலக்குற 2கே கிளியர்ல நுரையீரலைக் கெடுக்கிற ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க் அதுக்கு ஒண்ணுமே இல்ல. மூடின கேரேஜ்ல அதை அடிக்கவே கூடாது. வீட்டு வேலைக்கு ஹார்டனர் கலக்காத 1கே போதும், பளபளப்பு சற்றுக் குறைஞ்சாலும் பரவாயில்லை. அதையும் காத்தோட்டத்துல, ஆவி வடிகட்டும் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும்.

———

இதுவரை மேலே சொல்லாதது: சில கார்கள்ல பக்கத்து வண்டிகளை உணர்ற ரேடார் பம்பருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கும். அந்த இடத்துல பட்டியோ தடிமனான மெட்டாலிக் பெயிண்டோ போட்டா சிக்னல் பாதிக்கும். அங்கே உதிர்ந்திருந்தா, கார் கம்பெனியோட ரிப்பேர் விதியைப் பார்த்துட்டு மட்டும் தொடுங்க. அடிக்கிறப்போ பார்க்கிங் சென்சார் முகத்தையும் டேப் போட்டு மூடிடுங்க. மெழுகு பூச ஒரு மாசமாவது பொறுங்க.