விண்டோஸ் 10 போய் லினக்ஸ் மின்ற்: அம்மாவின் பாமினிக் கடிதங்கள் திறக்குதில்லை

கேள்வி (கோண்டாவில்)
அம்மா, அப்பா பாவிக்கிற மடிக்கணினி ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது. அப்பா குரோமில் பேப்பரும் மரண அறிவித்தலும் பார்ப்பார். அம்மா கோயில் கணக்கு, கடிதம் எல்லாம் வேர்டில் பாமினி எழுத்துருவில் அடிப்பா. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் 22 என்ற இலவச இயங்குதளத்தை யூஎஸ்பியில் ஏற்றி ஒரு கடிதத்தைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். கோப்பு பழுதோ? இரண்டு பேருக்கும் 70 தாண்டிவிட்டது, புதிதாகப் பழக்க ஏலாது.

மறுமொழி
கோப்பு பழுதாகேல்லை. பாமினி யுனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் அடியில் கிடக்கிற ஆங்கிலம்தான் தெரியும். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினியைப் பிரதி எடுத்து, மின்றில் இரண்டு தரம் கிளிக் பண்ணி இன்ஸ்ரோல் கொடுங்கோ. மின்றில் வேர்டுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் கடிதம் பழையபடி வரும். அம்மா அதே எழுத்துருவைத் தெரிந்து, அதே விசைகளில் அடிக்கலாம்.

ஒரு இடத்தில் கவனம். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. லிப்ரே ஒபிஸ் வசனத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கினால் "அம்மா" "ஆம்மா" ஆகிவிடும். ரூல்ஸ் (Tools) மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய் அந்தத் தெரிவையும், தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துகிற தெரிவையும் எடுத்துவிடுங்கோ. அம்மாவின் கையில் கொடுக்க முதல் செய்யவேண்டிய வேலை இது.

வட்ஸ்அப்புக்கும் ஈமெயிலுக்கும் பாமினி சரிவராது, யுனிகோட் வேணும். கீபோர்ட் லேஅவுட்டில் இலங்கைத் தமிழ்99 இருக்கு. தட்டச்சு மெஷினில் பழகின கையென்றால் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவி, தட்டச்சு மெஷின் ஒழுங்கிலான ரெங்கநாதன் விசைமுறையைப் போடுங்கோ.

கேட்டவர்
நன்றி அண்ணை, எழுத்துரு போட்டவுடன் கடிதம் வந்திட்டுது. விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கவோ? பிரிண்டர் கனன் எல்பிபி 2900.

மறுமொழி
இரண்டையும் ஒன்றாக வைக்காதேங்கோ. தொடங்கும்போது தெரிவுப் பட்டியல் வந்தால் அப்பா ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் மின்றைப் போடுங்கோ. பழைய டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் வையுங்கோ. கழற்ற முதல் ஷிஃப்டை அமத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால்தான் விண்டோஸ் முழுதாக நிற்கும். பிடிக்காவிட்டால் அதே டிஸ்க்கைத் திரும்பப் பூட்டலாம். ரேம் கூட்டுவதென்றால் டிடிஆர்3எல், 1.35 வோல்ட். கடையில் வெறும் டிடிஆர்3 தந்தால் வாங்காதேங்கோ.

கனன் 2900தான் சிக்கல். அது கேப்ட் என்ற தனி மொழியில் வேலை செய்யும், மின்றில் தானாக வராது. ட்ரைவரைத் தேடிப் போட்டாலும் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிடலாம். அம்மாவுக்கு அச்சு அடிக்கடி தேவையென்றால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மாற்றவேணும். மாற்று ஒழுங்கு வரும்வரை விண்டோஸ் 10க்கு மேலதிகப் பாதுகாப்பு அப்டேட் (ESU) திட்டத்தில் பதியலாம், தனிநபருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை இருக்கு.

இன்னொரு மறுமொழி
டிஸ்க்கை மாற்ற முதல் குரோமின் பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கோ என்று பாருங்கோ. மின்றிலும் குரோமையே போட்டு, ஐகொன்களைப் பழைய இடத்திலும் பழைய வரிசையிலும் வையுங்கோ. வட்ஸ்அப் வெப்பை "வெப் அப்ஸ்" கருவியால் தனி ஐகொன் ஆக்கலாம். பற்றரி கிழடென்றால் இன்ஸ்ரோல் நேரம் யூபிஎஸ்ஸில் குத்துங்கோ, இடையில் கரண்ட் போனால் திரும்பத் தொடங்கவேணும். வைஃபை பிடிக்காவிட்டால் போனை வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடலாம். எல்லாம் சரிவந்த பிறகு ரைம்ஷிஃப்ட் (Timeshift) கருவியில் ஒரு ஸ்னப்ஷொட், அதாவது கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு பிரதி எடுத்து, தூரத்திலிருந்து கணினியை இயக்க எனிடெஸ்க்கையும் போட்டுவிட்டு ஒருக்கா இணைத்துப் பாருங்கோ.