பழைய மென்பொருளில் கோடைக்கால நேரம்: திருத்தலாமா, அப்படியே விடலாமா?

வள்ளியூர் நார்:
எங்கள் கம்பெனி கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டிகளைத் தூத்துக்குடி வழியாக மெக்சிகோவுக்கும் எகிப்துக்கும் அனுப்புகிறது. கொட்டேஷன், ஆர்டர், பில் எல்லாம் ஜாவா 8-இல் ஓடும் ஒரு பழைய மென்பொருளில்தான். கடைசியாகப் புதுப்பித்தது 2018-இல். எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதுதான் கோடைக்கால நேரம். மெக்சிகோ அதை 2022 அக்டோபரோடு கைவிட்டது. எகிப்து 2023 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டுமே மென்பொருளுக்குத் தெரியாது. கை வைக்கலாமா?

தச்சநல்லூர் கணக்கர்:
கை வைக்காதீர்கள் தம்பி. நம் நாட்டில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. கப்பல் கட்-ஆஃப், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் இந்திய நேரம். வெளிநாட்டு நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். ஓடுகிற மென்பொருளைக் கிளறி, மறுநாள் பில் அடிக்க முடியாமல் லாரி வாசலில் நின்றால் யார் பதில் சொல்வது?

பேட்டை ஜாவா:
அண்ணாச்சி, கெய்ரோக்காரர் விலை கேட்டு அவர் ஊர் நேரம் பகல் 12 மணிக்குக் கெடு வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் மென்பொருள் நம் நேரம் 3.30 என்று காட்டும். கோடையில் உண்மையான கெடு 2.30. மூன்று மணிக்கு அனுப்பிய விலையை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே கோடையில் மெக்சிகோ சிட்டியில் காலை 9 மணிக்குப் பேச வேண்டுமென்றால் நமக்கு இரவு 7.30 என்று காட்டும். அப்போது அங்கே மணி எட்டுதான், ஆபீஸே திறந்திருக்காது.

வள்ளியூர் நார்:
தாளும் ஒட்டிப் பார்த்தோம். மெக்சிகோ முழுக்க ஒரே கணக்கு இல்லை. திஹுவானா மாதிரி எல்லை ஊர்கள் அமெரிக்காவோடு சேர்ந்து இன்னும் நேரத்தை மாற்றுகின்றன. புதிதாகச் சேர்ந்த பெண் தாள் ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொல்ல, திரையைத்தான் நம்பினார். அவர் மேல் தப்பே இல்லை.

தச்சநல்லூர் கணக்கர்:
சரி, இதற்கு முடிவு உண்டா? லெபனான் 2023 மார்ச்சில் கடைசி நேரத்தில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, சில நாளிலேயே பின்வாங்கியது. மொராக்கோ ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. எத்தனை அரசாங்கத்தின் பின்னால் ஓடுவது? வணிகப் பயன்பாட்டுக்கான ஜாவா 8 இலவசப் புதுப்பிப்பை, ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் கம்பெனி 2019 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

பேட்டை ஜாவா:
நிரலைத் தொடவே வேண்டாம். நேர விதிகளை ஜாவா தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. அதை மட்டும் மாற்ற டிஇசட் அப்டேட்டர் என்ற கருவி உண்டு. பில்லும் ஸ்டாக்கும் இருந்த இடத்தில் இருக்கும். பழைய பதிவும் கெடாது, 2015-இல் மெக்சிகோவில் இருந்த விதியும் அதே கோப்பில்தான் இருக்கிறது.

கல்லிடை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும், இனிமேல் வரவேண்டிய கெடுக்கள். அவற்றைப் பழைய விதிப்படி யுடிசி-யாக, அதாவது உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்திருந்தால், கோப்பு மாறியதும் கெய்ரோவின் 12 மணிக் கெடு அந்த ஊர் நேரம் 1 மணி என்று நிற்கும். நம் திரையிலோ அதே 3.30. திருத்தியும் பலனில்லை! 2007-இல் அமெரிக்கா கோடைக்கால நேரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன்தள்ளியபோது அவுட்லுக் காலெண்டர்களில் நடந்தது இதுதான். சந்திப்புகளைச் சரிசெய்ய மைக்ரோசாப்ட் தனிக் கருவியே கொடுக்க வேண்டிவந்தது. முதலில் டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள்.

வள்ளியூர் நார்:
பார்த்துவிட்டேன், யுடிசி-தான். முடியாத எகிப்து கெடுக்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கோப்பை மாற்றியதும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டியதுதான்.

தச்சநல்லூர் கணக்கர்:
வேறொரு கம்ப்யூட்டரில் நகல் ஏற்றி, அதில் பில் அடித்துக் காட்டுங்கள். அதற்கு அப்புறம்தான் நான் ஒப்புக்கொள்வேன். அதுவும் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

வள்ளியூர் நார்:
ஆகட்டும் அண்ணாச்சி. 21-ஆம் தேதி நகலில் மாற்றிவிட்டு, அடித்த பில்லை இங்கேயே போடுகிறேன்.