சென்சார் மாத்தியும் டெம்பரேச்சர் முள் 60-க்கு மேல ஏற மாட்டேங்குது

கேள்வி:
போட்ல இன்போர்டு டீசல் இன்ஜின், ஸ்டியரிங் கீழ ஒண்ணு மேல ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் டெம்பரேச்சர் கேஜ் இருக்கு. பழைய சென்சார்ல பச்சை பூத்து வயரு கையோட வந்துடுச்சு, அதனால புதுசு வாங்கி மாட்டினேன், மரை எல்லாம் கரெக்டா உக்காந்துச்சு. இப்ப என்னன்னா இன்ஜின் நல்லா சூடாகி லோடுல ஓடும்போது கூட ரெண்டு முள்ளும் 60 பக்கத்துலயே நிக்குது, ஆனா தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டினா 80 வருது. எக்ஸாஸ்ட்ல தண்ணி நல்லாத்தான் போகுது. கேஜ் போச்சா, இல்ல சென்சாரே டம்மியா?

பதில் 1:
மரையில டெஃப்லான் டேப் சுத்தினீங்களா பாஸ்? ஒத்த வயர் சென்சாருக்கு எர்த்து அந்த மரை வழியாத்தான் இன்ஜின் பிளாக்குக்குப் போகும், டேப் தடிமனா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடி முள்ளு கம்மியா காட்டும். சாவிய ஆன் பண்ணி சென்சார் வயர கழட்டி பிளாக்ல ஒரு செகண்ட் தொட்டுப் பாருங்க, முள்ளு கடைசி வரைக்கும் போச்சுன்னா கேஜும் வயரும் ஓகே.

கேள்வி கேட்டவர்:
டேப் இல்லண்ணே, செம்பு வாஷர்தான். தொட்டா ரெண்டு முள்ளும் ஃபுல்லா ஓடுது. இன்ஜின் சூடா இருக்கும்போது வயர கழட்டிட்டு சென்சார் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சேன், 70 ஓம் வருது.

பதில் 2:
சென்சார் நல்லா இருக்கு, ஆனா உங்க போட்டுக்கு அது தப்பான சென்சார். ஐரோப்பிய டைப்ல ஒத்த கேஜ் சென்சார் 80 டிகிரியில கிட்டத்தட்ட 70 ஓம், 60 டிகிரியில 135 பக்கம், சூடு ஏற ஏற ஓம் இறங்கும். நீங்க ஒரே சென்சார்ல ரெண்டு கேஜ் தொங்க விட்டிருக்கீங்க, ரெண்டு கேஜோட கரண்டும் அது வழியாவே போறதால ஒவ்வொரு கேஜுக்கும் அது டபுளா 140 ஓம் மாதிரி தெரியுது, அதான் 60-ல நிக்குது. ரெண்டு இடத்துல கேஜ் இருக்கிற போட்டுக்குன்னே ரெட்டை ஸ்டேஷன் சென்சார்னு தனியா வருது, அதே சூட்டுல ஓம் பாதிதான் இருக்கும், மரை ஒண்ணாவே இருக்கிறதால கடையில தெரியாம ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண குடுத்துடுவாங்க. சும்மா விட்டுடலாம்னு நினைக்காதீங்க, நெஜமா 100 தொடும்போது உங்க முள்ளு 80-க்குக் கீழதான் காட்டும், இன்ஜின் கொதிக்கும், நீங்க ஜாலியா ஓட்டிட்டு இருப்பீங்க. மேல இருக்கிற கேஜோட சென்சார் வயர மட்டும் கழட்டிப் பாருங்க, கீழ 80 வந்தா விஷயம் முடிஞ்சுது. இன்னொண்ணு, பளபளன்னு இருக்கிற உலோகத்துல இன்ஃப்ராரெட் கம்மியா காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அது மேல அளங்க.

பதில் 3:
மாத்தும்போது இன்ஜின் ஆறினப்புறம் மட்டும் கூலன்ட் மூடியத் திறங்க, சென்சார் மட்டத்துக்குக் கீழ வர்ற வரைக்கும் கூலன்ட்ட வடிச்சுக்கோங்க. வாஷர் புதுசு போடுங்க, பித்தளை மரை அதனால ரொம்ப முறுக்காதீங்க, உடைஞ்சா உள்ள மாட்டிக்கும், அப்புறம் அத எடுக்கிறது பெரிய தலைவலி. திரும்ப நிரப்பினதும் காத்து வெளியேத்துங்க, சென்சார் முனை கூலன்ட்ல முங்காம காத்துல இருந்தா அதுவும் கம்மியாத்தான் காட்டும். ரெண்டு முனை சென்சார்னா ஒண்ணு அலாரத்துக்கோ எர்த்துக்கோ இருக்கலாம், வயர் மாறிடாம பாத்துக்கோங்க.

கேள்வி கேட்டவர்:
மேல வயர கழட்டினேன், கீழ முள்ளு அப்படியே 80-க்குப் போயிடுச்சு!! ரெட்டை ஸ்டேஷன் சென்சார் ஆர்டர் போட்டாச்சு. அது வர்ற வரைக்கும் கீழ இருந்து மட்டும் ஓட்டலாமா?

பதில் 2:
ஓட்டலாம், கழட்டின வயர் முனையில இன்சுலேஷன் டேப் சுத்தி வைங்க, எங்கயாவது உலோகத்துல பட்டா கீழ முள்ளு ஃபுல்லா ஏறி சும்மா பயமுறுத்தும்.