விதியைக் காட்டியே பத்தியை நீக்குகிறார்கள்: என்ன செய்வது?

கரிசல்மண்:
பலர் கூடி எழுதும் ஓர் இணையத் தகவல் தளத்தில், எங்கள் ஊர் ஏரியின் நீர்ப்பரப்பு சுருங்கியதைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். 'மேற்கோள் இல்லை' என்று ஒரு பயனர் நீக்கினார். பழைய மாவட்ட விவரச்சுவடியின் பக்க எண்ணைக் கொடுத்து மீட்டேன். 'மூலம் மிகப் பழையது' என்றார். ஆய்விதழ்க் கட்டுரையைக் காட்டினேன். 'நடுநிலை இல்லை' என்றார். சொற்களை மாற்றிச் சேர்த்தேன். நான்காம் முறை நீக்கியது அன்றிரவு தொடங்கப்பட்ட ஒரு புதுக் கணக்கு. அதையும் நான் மீட்டவுடன், 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்ததாக, அதாவது நீக்கியதைத் திரும்பச் சேர்த்ததாகப் புகார் எழுந்து, எனக்கு இரண்டு நாள் தடை விழுந்தது. ஏரிக்கரையில் மனை விற்கும் நிறுவனத்தின் பக்கத்தையும் முதலில் நீக்கிய பயனரே எழுதி வருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் எங்கே தவறினேன்?

பொருநை:
விக்கிப்பீடியாவிலும் இந்த மூன்று மீளமைப்பு விதி உண்டு. ஒருவர் செய்ததை மற்றவர் மாறி மாறி அழிக்கும் தொகுப்புப் போரை அடக்க வந்த விதி அது. யார் சொல்வது சரி என்று தீர்க்க வந்ததன்று. எண்ணிக்கையைத்தான் அது பார்க்கும் என்பதால், எதிராளியை நான்காவது மீளமைப்பு வரை இழுத்துவந்து மாட்டிவிடுவது எளிது. ஒருவரே வேறு பெயரில் தொடங்கும் கைப்பாவைக் கணக்கு அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது. இரண்டாவது நீக்கத்தோடு நீங்கள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குச் சென்றிருக்க வேண்டும். தடை முடிந்ததும் பத்தியைத் தொடாமல், ஒவ்வொரு நீக்கத்தின் நேரத்தையும் சொல்லப்பட்ட காரணத்தையும் வரிசையாக எழுதி, முந்தைய காரணத்துக்கு விடை கிடைத்தவுடன் புதிய காரணம் முளைத்ததைப் பொதுவில் வையுங்கள். மனை விற்பனைத் தொடர்பைக் காட்ட அவருடைய பங்களிப்பு வரலாறே போதும். வெளியே தேடி எடுத்த சொந்த விவரங்களை இட்டால், அடுத்த தடையும் உங்களுக்கே விழும்.

வைகறை:
பொருநை சொல்வது, புகாரை விசாரிக்கும் நிருவாகி நடுநிலையானவராக இருந்தால் மட்டுமே பலிக்கும். குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஒரு சிறு குழுவே நிருவாகப் பொறுப்புகளைக் கைப்பற்றி வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால யாசெனோவாட்ஸ் வதைமுகாமின் கொடுமையை மழுப்பி எழுதியதைத் திருத்த வந்தவர்கள் தடைசெய்யப்பட்டார்கள். 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே அதை நம்ப வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்ல நேர்ந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் கழித்து, 2021-இல்தான் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வறிக்கை வந்தது. ஆகவே, உள்ளூர்ப் பேச்சுப் பக்கத்தோடு நிற்காமல், இந்தச் சச்சரவில் தொடர்பில்லாத நிருவாகி ஒருவரிடமும் முறையிடுங்கள்.

கரிசல்மண்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நீக்கங்களின் நேரத்தையும் குறித்துவிட்டேன். மூன்றாவதற்கும் புதுக் கணக்கு செய்த நான்காவதற்கும் இடையே ஆறே நிமிடங்கள். நாளை தடை முடிந்ததும் பேச்சுப் பக்கத்தில் அதைத்தான் முதலில் இடுவேன்.