போலீஸ் கண்ட்ரோல் ரூம்: அவசர அழைப்பு போனை எடுப்பவரே ரோந்து வண்டிகளோடு பேசும் வயர்லெஸ் மைக்கும் பிடிக்கலாமா?

இரவுப்பணி:
பிடிக்கலாம் என்பதே என் கட்சி. கேட்டவர் வாயிலிருந்தே ரோந்து வண்டிக்குத் தகவல் போனால் நடுவில் எதுவும் உதிராது. போனுக்கு ஒருவர், மைக்குக்கு ஒருவர் என்று பிரித்தால் "பின்வாசல் வழியா ஓடினான்" என்பது பாதி வழியில் காணாமல் போகும்.

வயர்லெஸ்:
ஒரே ஒரு அழைப்பு இருக்கும்வரை சரிங்க. அந்தப் பக்கம் அழுதபடி ஒருவர் முகவரி சொல்கிறார், அதே நொடி ரோந்துக் காவலர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்கிறார். இருக்கிற ஒரு ஆள் எந்தக் காதைக் கொடுப்பார்? நீங்க சொல்லும் இழப்பு, படிவத்தை முழுசா நிரப்பிய பிறகே அனுப்பும் இடங்களில்தான் வரும். இடம், என்ன நடக்கிறது, இந்த இரண்டும் கிடைத்ததும் பதிவு அடுத்த மேசையில் மைக் பிடிப்பவருக்குப் போயிடணும். ஆயுதம், அடையாளம், ஓடிய திசை எல்லாம் வண்டி கிளம்பிய பிறகு அதே பதிவில் சேரும்.

இரவுப்பணி:
அதற்கு இரட்டிப்பு ஆள் வேணும். ஒரு நாற்காலியை 24 மணி நேரமும் நிரப்ப வாரத்துக்கு 168 மணி. ஆளுக்கு 40 என்றால் 4.2 பேர், விடுப்பு, பயிற்சி சேர்த்தால் 5 தாண்டும்.

கணக்குப்புலி:
நாற்காலியைக் குறைக்க வழி இருக்கு. மணிக்கு 60 அழைப்பு, தலா 3 நிமிடம் என்றால் வேலை 3 பேருக்குத்தான். ஆனா அழைப்புகள் கொத்தாக வரும். 90 சதவீதத்தை 15 நொடிக்குள் எடுக்க (அமெரிக்காவின் அவசர அழைப்பு எண் சங்கமான நீனாவின் தரநிலை அதுதான்), அழைப்பு அளவை வைத்து எத்தனை ஆள் வேணும் என்று சொல்லும் எர்லாங் சூத்திரப்படி 6 பேர் வேணும். 5 பேர் வைத்தால் 80 சதவீதத்தில் நின்றுவிடும். இப்படிப்பட்ட இரண்டு மையங்களின் போனை ஒன்றாக்கினால் 12க்குப் பதில் 10 போதும்.

இரவுப்பணி:
ஒன்றாக்கினால் ஊர் தெரியாதவர் எடுப்பார். ஒரே பெயரில் நாலு தெரு இருக்கும், வண்டி தப்பான தெருவுக்குப் போகும்.

வயர்லெஸ்:
அதனால்தான் போனை மட்டும் ஒன்றாக்கணும், மைக்கை அந்தந்தப் பகுதி தெரிந்தவரிடமே விடணும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதைக் கூட்டிச் சேர்க்க இயலாது. எடுப்பவர் பகுதியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் கேட்டு, முகவரியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யணும்.

இரவுப்பணி:
சரி, எடுக்கும் முன்பே துண்டித்த அழைப்புகள்? திரும்ப அழைப்பது யார் வேலை?

கணக்குப்புலி:
போன் மேசை வேலைதான், ஆனா ஷிஃப்டில் ஒருவர் பெயரில் எழுதி வைக்கணும். பொதுவா விட்டால் யாரும் தொடமாட்டாங்க. முதல் பத்து நிமிடத்தில் தொடாத எண் மேற்பார்வையாளர் திரையில் வரணும்.