டிஷ்: குழிவா, சரிவா, நடுவா?

குழுவினருக்கு வணக்கம்.

மிதிவண்டிச் சக்கரம் கட்டும் முறை பற்றிய கையேட்டுக்குச் சொற்கள் பெரும்பாலும் அமைந்துவிட்டன. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு மாட்டுவண்டியின் 'குடம்'. ஸ்போக்குக்குப் பட்டறை வழக்கான 'கம்பி'. ரிம்மின் (சக்கரத்தின் வெளிவளையத்தின்) ஆட்டத்தைத் திருத்தும் ட்ரூயிங் என்பதற்குக் 'கோட்டம் எடுத்தல்' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. இடறுவது 'டிஷ்' ஒன்றுதான்.

பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் ஃப்ரீவீலோ கேசட்டோ (சங்கிலி ஓடும் பல்சக்கரத் தொகுதி) இடம் பிடித்துக்கொள்வதால், குடத்தின் வலத் தட்டு (கம்பிகள் கோக்கும் விளிம்பு) உள்ளே தள்ளி நிற்கிறது. ரிம் மட்டும் அச்சின் இரு முனைகளிலும் உள்ள லாக் நட்டுகளுக்கும் சரிநடுவே ஓட வேண்டும். எனவே வலக் கம்பிகள் நட்டுக்குத்தலாகவும் இடக் கம்பிகள் சாய்ந்தும் நிற்கின்றன. இதுதான் டிஷ். பக்கவாட்டில் பார்த்தால் தட்டையான கிண்ணம் போலத் தெரியும். அதனால் 'குழிவு' என்று முன்மொழிகிறேன்.

———

> அதனால் 'குழிவு' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, குழிவு ஏற்கனவே கண்ணாடி வில்லைகளுக்குப் போய்விட்டது. தவிர, சக்கரத்தில் எதுவும் குழியவில்லை. குடத்தின் இரண்டு தட்டுகளும் ரிம்மின் தளத்திலிருந்து வெவ்வேறு தொலைவில் இருக்கின்றன, அவ்வளவுதான். 'குழிவைச் சரிசெய்' என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் ரிம்மில் பள்ளம் விழுந்ததாக எண்ணிச் சுத்தியலைத் தேடுவார்.

'குடைச்சாய்வு' எப்படி? குடைக் கம்பிகள் போல ஒரு பக்கம் விரிந்திருப்பதால்.

———

> 'குடைச்சாய்வு' எப்படி?

வண்டி குடைசாய்ந்த கதையாகிவிடும். வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடத்துக்குப் பதில் 'குறடு' என்று எழுதலாம் என முன்பு ஒருவர் கேட்டிருந்தார். சிறுபாணாற்றுப்படையில் குறடு (குடம்), ஆரம் (கம்பி), நேமி (வெளிவளையம்) மூன்றும் ஒரே இடத்தில் வருவது உண்மை. ஆனால் இன்று குறடு என்றால் கையில் பிடிக்கும் கருவி. 'குறட்டைக் குறட்டால் பிடிக்கவும்' என்று கையேட்டில் எழுத முடியாது. ஆரம் கணக்குப் பாடத்தில் வட்டத்தின் பாதி விட்டமாகிவிட்டது. குடமும் கம்பியுமே இருக்கட்டும்.

———

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'டிஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அமைப்பு. ரிம்மின் நடுத்தளத்திலிருந்து வலத் தட்டு 18 மி.மீ., இடத் தட்டு 36 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பி நீளம் 290 மி.மீ. வாக்கில் இருந்தால் வலக் கம்பியின் சரிவு 3.6 பாகை, இடக் கம்பியினுடையது 7.1 பாகை. இரு தட்டுகளும் ஒரே விட்டமுள்ளவை என்றால் இடக் கம்பி ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை கூடுதல் நீளம் கேட்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு பக்கக் கம்பிகளும் அதைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சமமாக வேண்டும். சரிவு பாதியாக உள்ள வலப்பக்கத்துக்கு இழுவிசை இரு மடங்கு வேண்டும். வலக் கம்பியில் 120 கிலோ என்றால் இடக் கம்பியில் 60 கிலோதான்.

மற்றொன்று, வேலை. கட்டி முடித்த சக்கரத்தில் ரிம் உண்மையிலேயே நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கொண்டுவருவது. 'டிஷ் தப்பு' என்று சொல்வது இதைத்தான்.

முதலாவதை, கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளைத் திருப்பும் சாவியால் மாற்ற முடியாது, இரண்டாவதை மாற்றலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் புதிதாகக் கற்பவர் மாற்ற முடியாததோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அமைப்புக்குக் 'கம்பிச் சரிவு', இருபுறச் சரிவுக்கும் உள்ள வேற்றுமைக்குச் 'சரிவுப் பேதம்' என்று வைக்கலாம். வேலைக்குக் 'கோட்டம் எடுத்தல்' போலவே 'நடு எடுத்தல்'?

———

> வேலைக்குக் 'கோட்டம் எடுத்தல்' போலவே 'நடு எடுத்தல்'?

கோட்டம் எடுத்தால் கோட்டம் போகும். நடு எடுத்தால் நடு போய்விடாதா?

மட்டம் பிடிக்கிறோம், நூல் பிடிக்கிறோம். நடுவையும் பிடிக்கலாமே: 'நடுப்பிடித்தல்'. விலகலுக்கு 'நடுப்பிசகு'. 'நடுப்பிசகு ஒரு மி.மீ., வலப்புறம்' என்று எழுதிப் பார்த்தேன். வாயில் தடையின்றி வருகிறது.

———

சரிவுப் பேதம் பற்றி ஓர் ஐயம். இடக் கம்பிகள் தளர்வாக இருப்பதுதான் குறை என்றால், அவற்றை மட்டும் முறுக்கி 120-க்குக் கொண்டுவந்தால் என்ன?

———

> அவற்றை மட்டும் முறுக்கி 120-க்குக் கொண்டுவந்தால் என்ன?

ரிம் இடப்பக்கம் நகரும், வலக் கம்பிகளும் சேர்ந்து இறுகும். விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கூடவே நடுப்பிசகும் வரும். இழுவிசை விகிதத்தைத் தீர்மானிப்பது தட்டுகளின் தொலைவுதான், கை வலிமை இல்லை.

இடக் கம்பி தளர்வாக இருப்பதன் விளைவு இது: சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள கம்பிகளின் இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து மீள்கிறது. 60 கிலோவில் இருக்கும் கம்பி பாரம் ஏறியதும் அறவே தொய்ந்துவிடலாம். தொய்ந்தால் நிப்பிள் அதிர்வில் தானே கழலும். கம்பியின் கொக்கி வளைவு தட்டின் துளையில் அசைந்து அசைந்து, களைப்பேறி முறியும். முறிந்ததும் 'கம்பி மெலிசு' என்று தடித்த கம்பி போடுவார்கள். அது நேர்மாறான வைத்தியம். இடப்பக்கத்துக்கு நடுவில் மெலிந்த கம்பிதான் ஏற்றது; முனைகளில் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. அதே இழுவிசையில் மெலிந்த கம்பி கூடுதலாக நீள்வதால், பாரம் ஏறும்போது சீக்கிரம் தொய்யாது.

பேதத்தையே குறைக்க வேண்டுமென்றால் ரிம்மை மாற்ற வேண்டும். கம்பித் துளைகள் இடப்பக்கமாக 2.5 மி.மீ. தள்ளியிருக்கும் ரிம் போட்டால் மேலே சொன்ன 18, 36 என்பன 20.5, 33.5 ஆகும். இடப்பக்க இழுவிசை வலப்பக்கத்தில் பாதியாக இருந்தது சுமார் 61 விழுக்காடாக ஏறும். ஆகவே சரிவுப் பேதம் குடத்தின் பண்பு மட்டுமல்ல. குடமும் ரிம்மும் சேர்ந்த சக்கரத்தின் பண்பு. வரையறையில் இதை விட்டுவிடாதீர்கள்.

———

நடுப்பிடித்தலின் செய்முறையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். சொல் தாங்குகிறதா என்று பார்க்கலாம்.

முதலில் கோட்டம் எடுத்துவிட வேண்டும். ரிம் ஆடிக்கொண்டிருந்தால் நடுவை எங்கே அளப்பது? அளக்கத் தனிக்கருவி (இதற்கு 'நடுக்கோல்' என்று பெயர் வைக்கலாம்) இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்கியில் (சக்கரத்தைச் சுழலவிட்டுச் சரிபார்க்கும் சட்டம்) மாட்டி, ஒரு பக்கத்தில் ரிம்முக்கும் தாங்கியின் காலுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்க. சக்கரத்தைக் கழற்றி வலம் இடமாகத் திருப்பி மாட்டி, அதே காலில் மறுபடி அளந்தால், தெரியும் வேறுபாடு நடுப்பிசகைப் போல இரு மடங்கு. இடைவெளி 2 மி.மீ. மாறினால் நடுப்பிசகு 1 மி.மீ. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: 2 மி.மீ. என்று எண்ணித் திருத்தி, மறுபுறம் 1 மி.மீ. தள்ளிவிடுவார்கள். திருப்பி மாட்டியும் இடைவெளி மாறவில்லை, ஆனாலும் ரிம் ஒரு காலை ஒட்டியே ஓடுகிறது என்றால் பிழை தாங்கியிலோ ஃபோர்க்கிலோ இருக்கிறது; சக்கரத்தைத் தொடவே கூடாது.

ரிம் வலப்பக்கம் போக வேண்டும் என்றால், வலக் கம்பிகளின் இழுவிசை இன்னும் ஏறலாம் எனும் நிலையில் வல நிப்பிள்கள் எல்லாவற்றையும் கால் சுற்று இறுக்குக. ஏற்கனவே முழு அளவில் இருந்தால் இட நிப்பிள்களைக் கால் சுற்று தளர்த்துக. 2 மி.மீ. கம்பியின் மரை அங்குலத்துக்கு 56 என்பதால், ஒரு முழுச் சுற்று நிப்பிளைக் கம்பியின் மேல் 0.45 மி.மீ. நகர்த்தும், கால் சுற்று 0.11 மி.மீ. ரிம் பக்கவாட்டில் இதைவிடக் கூடுதலாக நகரும். ஆகவே அரைச் சுற்றுக்குத் தாவாமல் மறுபடி அளக்க வேண்டும். கம்பியும் நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்வதால், சற்று மிகையாகத் திருப்பிப் பின்வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஓட்டத் தொடங்கியதும் முறுக்கு 'டிக் டிக்' என்று பிரிந்து, பிடித்த நடு கைநழுவும்.

நடுப்பிசகுக்கு இன்னொரு காரணமும் வரையறையில் வேண்டும்: அச்சு வளையம். லாக் நட்டுக்கு உள்ளே வலப்பக்கத்தில் 2 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்த்தால் நடுக்கோடு 1 மி.மீ. வலப்பக்கம் நகரும். ரிம்மை யாரும் தொடாமலே 1 மி.மீ. நடுப்பிசகு வந்துவிடும்.

———

இதுவரை ஒப்பியதைப் பதிவாக எழுதினேன்:

கம்பிச் சரிவு: சக்கரத்தின் நடுத்தளத்தோடு கம்பி கொள்ளும் கோணம்.
சரிவுப் பேதம்: பின்சக்கரத்தில் வலக் கம்பிச் சரிவு இடச் சரிவைவிடக் குறைந்திருத்தல்.
நடுப்பிடித்தல்: ரிம்மை இரு லாக் நட்டுகளின் வெளிமுகங்களுக்கும் சரிநடுவே கொண்டுவருதல்.
நடுப்பிசகு: அந்த நடுவிலிருந்து ரிம் விலகிய அளவு, மி.மீ.-இல், திருப்பி அளந்த வேறுபாட்டில் பாதி.

———

> சரிவுப் பேதம்: பின்சக்கரத்தில் வலக் கம்பிச் சரிவு இடச் சரிவைவிடக் குறைந்திருத்தல்.

'பின்சக்கரத்தில்', 'வல', 'இட' மூன்றையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் தட்டை உள்ளே தள்ளுவது இடப்பக்க டிஸ்க். அங்கே இடக் கம்பிகள்தான் நட்டுக்குத்தலாகவும் இறுக்கமாகவும் நிற்கும். 'இருபுறக் கம்பிச் சரிவுகளும் சமமின்றி இருத்தல்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.