மஞ்சள் காட்டை அடகு வைத்து மகனை ஜெர்மனிக்கு அனுப்பலாமா?

பெருந்துறை அப்பா:
மகன் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறான். ஜெர்மனியில் முதுகலை படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஏஜென்ட் ஒருவர், "15 லட்சம் தயார் செய்யுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. மூன்றரை ஏக்கர் மஞ்சள் காடும் உண்டு. அதை வங்கியில் வைத்துவிடலாமா?

பல்லடம் தறிக்காரர்:
வேண்டாம் அண்ணா. காட்டை அடகு வைத்தவன் மீட்ட கதை நம் பக்கம் குறைவு. என் தங்கை மகன் இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்பை முடித்துத் திரும்பி வந்து, இப்போது அப்பாவின் தறியைத்தான் ஓட்டுகிறான். கடன் மட்டும் இன்னும் பவுண்டு கணக்கில்தான் பேசுகிறது. அந்த 15 லட்சத்தில் நான்கு தையல் இயந்திரம் வாங்கிப் போட்டுக் கொடுங்கள்.

டார்ட்மண்ட் கோபிக்காரன்:
தறிக்காரர் அண்ணா, இங்கிலாந்துக் கணக்கை ஜெர்மனிக்குப் போடாதீர்கள். இங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது.

ஐயா, ஏஜென்ட் சொன்ன தொகையில் பெரும்பகுதி முடக்கக் கணக்குப் பணமாக, அதாவது விசாவுக்காக வாழ்க்கைச் செலவுக்கென முன்கூட்டியே போட்டுக் காட்டும் பணமாக இருக்கும். ஆண்டுக்கு 11,904 யூரோ. அது கட்டணம் அல்ல. உங்கள் மகன் பெயரிலேயே இருக்கும், இங்கே வந்த பிறகு மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பும். ஏஜென்ட் இதை விளக்கினாரா? அரசுப் பல்கலைக்கழகங்களில் தமக்குக் கமிஷன் இல்லை என்பதால், தனியார் கல்லூரியின் பக்கம் தள்ளுகிறவர்கள் உண்டு. கல்லூரிப் பெயரை முதலில் எழுதி வாங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கு வரும் வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக அவனே விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30.

பல்லடம் தறிக்காரர்:
992 யூரோவில் வாடகை போனால் மிச்சம் என்ன தம்பி? பகுதிநேர வேலை கிடைக்கும் என்பீர்கள். ஜெர்மன் தெரியாதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

டார்ட்மண்ட் கோபிக்காரன்:
அந்தக் கேள்வி நியாயம். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் மொழி இல்லாதவனுக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைதான். எனக்கு முதல் குளிர்காலம் அப்படித்தான் போனது. முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
இருவரும் காட்டை மறந்துவிட்டீர்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். ஆனால் நீதிமன்றம் போகாமலேயே பிணைச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. கடன் வாராமல் போனால் அந்தச் சட்டத்தை வைத்து நிலத்தை எடுக்க முடியாது. அதனால்தான் மேலாளர்கள் மஞ்சள் காட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊருக்குள் வீடோ மனையோ இருக்கிறதா? பட்டா யார் பெயரில்?

பெருந்துறை அப்பா:
வீட்டுப் பட்டா இன்னும் எங்கள் அப்பா பெயரில். அண்ணன் தம்பி மூன்று பேர்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
அப்படியென்றால் வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று என்று வரிசையாக நிற்கிறது. சித்திரையில் தொடங்கி ஆடியில் முடிகிற வேலை அல்ல.

டார்ட்மண்ட் கோபிக்காரன்:
குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15தான் கடைசித் தேதி. 2022 நவம்பர் முதல், படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். எனவே இந்த ஆண்டை விடுங்கள். ஐயா, மகன் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டானா?

பெருந்துறை அப்பா:
இப்போதுதான் கேட்டேன். "விசா வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறான்.

பல்லடம் தறிக்காரர்:
அண்ணா, நான் ஒன்றும் சொல்லவில்லை.

டார்ட்மண்ட் கோபிக்காரன்:
நான் சொல்கிறேன். ஜெர்மன் மொழி முதல் நிலைத் தேர்வில் தேறிய சான்றிதழை அவன் மேசையில் வைக்கட்டும். அதற்குப் பிறகு சித்தப்பாக்களிடம் கையெழுத்துக் கேளுங்கள்.